கொரங்காட்டுக் கேட்டுக்கு வெல்டிங்: தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கலாமா, கைக்கண்ணாடியே போதுமா?

கொரங்காட்டான்

எல்லோருக்கும் வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் ஆறு ஏக்கர் கொரங்காடு, ஆடு மாடு மேய்கிற நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே போய்வர மூன்று கடவு. இத்தனை வருடம் முள் படலை வைத்தே சமாளித்தோம். கிடாய்கள் இரண்டு அதை முட்டித் தள்ளப் பழகிவிட்டதால் இரும்புக் கேட்டே போட்டுவிடலாம் என்று முடிவு. பட்டறையில் மூன்றுக்கும் சொன்ன விலையில் பாதிக்கு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷினே வந்துவிட்டது. ஆடி நோம்பிக்கு வந்த மச்சான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார். வெல்டிங் ராடில் 12 நம்பர் (மெல்லியது) ஓரளவு ஓடுகிறது. 10 நம்பர் (தடித்தது) இன்னும் ஒட்டிக்கொள்கிறது.

பிரச்சினை கண்ணாடியில். மெஷினோடு கொடுத்த கைக்கண்ணாடிதான் (முகத்துக்கு முன்னால் கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி) வைத்திருக்கிறேன். ஒரு கையில் அது, ஒரு கையில் ஹோல்டர். சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். கண்ணாடியை முகத்துக்குக் கொண்டு போனதும் எல்லாம் அமாவாசை. ராடு நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாக உரசினால் அரை அங்குலம் தள்ளிப் பற்றுகிறது. அதனால் டேக் (சட்டம் நகராமல் இருக்க முதலில் வைக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) வைக்கும்போது மட்டும் கண்ணாடி இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தேன். பலன், இரண்டு ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல எரிச்சல். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆன்லைனில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் என்று தேடினால் 1,100 ரூபாயிலிருந்து 25,000 வரை இருக்கிறது. எல்லாவற்றிலும் 'நொடியில் 25,000-இல் ஒரு பங்கு நேரத்தில் கறுக்கும்' என்றே எழுதியிருக்கிறான். அப்புறம் விலை ஏன் இப்படி? மாதத்தில் நாலைந்து நாள் வேலை செய்கிறவனுக்கு எது போதும்? 3,000-க்குள் முடிந்தால் நல்லது, கொஞ்சம் ஏறினாலும் சரி. வயது 46.

ரிக்வண்டி

திருச்செங்கோடு. 22 வருடமாக ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வெல்டிங். கைக்கண்ணாடியில் 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்டதுதான் என் சொத்து. பேட்டரி இல்லை, சென்சார் இல்லை, கீழே விழுந்தால் கண்ணாடி மட்டும் உடையும், புதுசு போட்டுக்கொள்ளலாம். ஆட்டோ ஹெல்மெட் இரண்டு பார்த்துவிட்டேன், இரண்டும் வேலையின் நடுவில் காலை வாரின. பழகினால் ராடு தானாக இடத்துக்குப் போகும். டேக்குக்கு ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டால் தீர்ந்தது.

மாடித்தோட்டம்

அண்ணா, கண்ணை மூடினால் தீர்ந்தது என்று புதிதாகக் கற்றுக்கொள்கிறவரிடம் சொல்லாதீங்க. பொறியைப் பார்த்த பிறகு இமை மூடுவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்காவது போய்விடும். முன்கூட்டியே மூடினாலும் முகமும் கழுத்தும் வெந்துதான் போகும். ஒரு நாளைக்கு ஐம்பது டேக் வைத்தால் அந்த ஐம்பதும் சேர்ந்து கணக்காகிறது. கேள்வி கேட்டவருக்கு ராத்திரி எரிந்ததே அதனால்தானே.

நான் கோயமுத்தூரில் மாடித்தோட்டத்துக்குத் தொட்டி ஸ்டாண்டு, பந்தல் சட்டம் செய்கிறேன். பொழுதுபோக்காக ஆரம்பித்து இப்போது தெருவில் பாதி வீட்டுக்கு என் ஸ்டாண்டுதான். முதலில் வாங்கியது 1,300 ரூபாய் ஹெல்மெட். கறுப்பதில் குறை சொல்ல முடியாது. தலைப்பட்டைதான் கொடுமை. கடைசிப் பல் வரை முறுக்கியும் என் தலைக்குத் தளர்வு. குனிந்தால் மூக்கில் வந்து இடிக்கும். தலையை ஆட்டி இறக்கினால் பாதியில் நின்றுவிடும். உள்ளே ஒரு துணியை மடித்து வைத்து ஆறு மாதம் ஓட்டினேன். பெண்கள், ஒல்லித் தலைக்காரர்கள் கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். பின்னால் திருகு இருக்க வேண்டும், உச்சந்தலைப் பட்டை தனியாக ஏறி இறங்க வேண்டும், கண்ணாடிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை முன்பின் நகர்த்த முடிய வேண்டும். இவை மூன்றும் இருந்தால்தான் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கழுத்து பேசாமல் இருக்கும்.

பழைய பட்டறை

தம்பி, கோயமுத்தூர் கணபதியில் முப்பது வருடம் பட்டறை நடத்தி இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நேரம் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹெல்மெட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கறுக்கும் சில்லு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விலை வித்தியாசம் பாதி புரிந்துவிடும். முன்னால் ஒரு கண்ணாடி, அதன்மேல் மெல்லிய படலங்களாகப் பூச்சு. புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது அதுதான். அதற்குப் பின்னால் ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் தாள்கள், அவற்றின் இடையில் திரவப் படிகம், கால்குலேட்டர் திரையில் இருக்கிற அதே சமாசாரம். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் திரும்பிக்கொண்டு வெளிச்சத்துக்குக் கதவை அடைக்கிறது. அதாவது கறுப்பது வெளிச்சத்துக்காக மட்டும். புறஊதாவுக்கான தடுப்பு பேட்டரி செத்துக் கிடந்தாலும் அப்படியே இருக்கும். ஒழுங்கான ஹெல்மெட் கறுக்காமல் போனால் கண் கூசும், பளிச்சென்று அடிக்கும், ஆனால் அந்த ஒரு அடியால் ராத்திரி மண் அள்ளிப் போட்ட எரிச்சல் வராது. அதற்காகக் கறுக்காத ஹெல்மெட்டோடு வேலையைத் தொடர்ந்துவிடாதே. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் விழித்திரையைக் கெடுக்கும். ஒருமுறை ஏமாற்றினாலும் மெஷினை அணைத்துவிட்டுக் காரணம் பார்.

ஆக, நீ காசு கொடுப்பது முதலில் அந்தப் பூச்சுக்கு. அது கண்ணால் பார்த்துத் தெரியாது. வெயிலில் காட்டிக் கறுக்கிறதா என்று கடைக்காரர் காட்டுவார், அது கதவு வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, பூச்சுக்கு இல்லை. அதற்குச் சான்று எண்தான் வழி. அட்டைப் பெட்டியில் 'சிஇ' என்ற ஐரோப்பியக் குறியைப் பெரிதாக அச்சடிப்பது யாராலும் முடியும். சில்லின் சட்டத்திலேயே பொறித்திருக்கிறதா என்று பார். 4/9-13 என்று தொடங்கி, நடுவில் தயாரிப்பாளர் குறியீடு, பிறகு 1/1/1/2/379 என்பது போல முடியும். 379 என்பது ஐரோப்பியத் தர எண். புதிதாக வருகிறவற்றில் 16321 என்று இருக்கும். அமெரிக்கச் சரக்கு என்றால் இசட் 87.1.

அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் கடையில் யாரிடமும் ஏமாற வேண்டியதில்லை. முதல் 4 என்பது கறுக்காதபோது உள்ள கறுப்பின் அளவு, நம்பர் கூடினால் கறுப்பு கூடும். 9-13 கறுத்த பிறகு நீ வைத்துக்கொள்ளக்கூடிய எல்லை. கடைசி நாலு எண்களும் 1-இலிருந்து 3 வரை போடும் மதிப்பெண். 1 நல்லது. முதலாவது, உருவம் நெளியாமல் தெரிகிறதா. இரண்டாவது, மங்கல் அடிக்கிறதா. மூன்றாவது, ஒரு மூலை கறுப்பு ஒரு மூலை வெளுப்பு என்று இல்லாமல் சமமாக இருக்கிறதா. நாலாவது, சாய்ந்து பார்த்தால் நிறம் மாறுகிறதா. வீட்டு வேலைக்கு 1/1/1/2 தாராளம், 1/2/1/2 கூடப் பரவாயில்லை. நாலாவதில் 3 இருந்தால், கேட்டின் அடிமூலையில் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்கும்போது தொல்லை தெரியும்.

25,000-இல் ஒரு பங்கு என்பதை மறந்துவிடு. பழைய மாடல்கள் 3,600-இல் ஒரு பங்கு. அதுவே இமையை விடப் பல மடங்கு வேகம். நாள் முழுக்க ஆயிரம் டேக் வைக்கிறவனுக்கு மாலையில் கண் சோர்வதில் வித்தியாசம் தெரியலாம். உனக்குத் தெரியாது.

வாங்குவதில் நான் கறாராக இருப்பது பேட்டரியில். 'சோலார்' என்று எழுதியிருப்பதில் பல, உள்ளே லித்தியம் பேட்டரியை வைத்து மூடி ஒட்டியவை. இரண்டு மூன்று வருடத்தில் அது செத்தால் ஹெல்மெட்டே குப்பை. ஓரத்தில் சிறு மூடி இருந்து சிஆர் 2032 அல்லது சிஆர் 2450 வில்லையைக் கழற்றி மாட்ட முடிகிறதைப் பார்த்து வாங்கு. நீ மாதத்தில் நாலு நாள் தொடுகிறவன். எடுக்கும்போது வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று, முன்னால் மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் தகடு. பொறி பட்டுப் பட்டு அதுதான் முதலில் கெடும். அந்த அளவு இங்கேயே கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள். ஆன்லைனில் பெயர் தெரியாத ஒன்றை என் மகன் வாங்கினான். நல்ல ஹெல்மெட்தான், தகடு மட்டும் எந்தக் கடையிலும் பொருந்தவில்லை. கடைசியில் கத்தரியால் வெட்டி டேப் போட்டு ஒட்டினோம்.

கொரங்காட்டான்

பெரியப்பா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றிங்க. சட்டத்தில் எண் இருக்கும் என்பதே எனக்குப் புது விஷயம். இரண்டு சந்தேகம். 9-இலிருந்து 13 வரை திருகலாம் என்றால் நான் எதில் வைக்க வேண்டும்? கறுப்பு கூடக்கூடக் கண்ணுக்கு நல்லதா? 3 என்றும் 4 என்றும் வெளுத்த நிலையைப் போட்டிருக்கிறார்களே, ஒரு நம்பரில் என்ன வந்துவிடப் போகிறது?

பழைய பட்டறை

ஒரு நம்பர் என்பது ஏணியில் ஒரு படி மாதிரி இல்லை தம்பி. ஒவ்வொரு நம்பருக்கும் வெளிச்சம் ஏறக்குறைய 2.7-ஆல் வகுபட்டுக்கொண்டே போகும். 3-இல் நூற்றுக்குப் பதினாலு பங்கு உள்ளே வரும், 4-இல் ஐந்துதான். தகரச் சாளைக்குள் (கொட்டகை) பொழுது சாய வேலை செய்கிறவன் 3 கிடைத்தால் விடக்கூடாது. 10-இல் வருவது ஏழாயிரத்தில் ஒரு பங்கு, 11-இல் பத்தொன்பதாயிரத்தில் ஒன்று.

12 நம்பர் ராடு 70-லிருந்து 90 ஆம்பியர், 10 நம்பர் 90-லிருந்து 130. இந்த இரண்டுக்கும் 10-இல் ஆரம்பி. கூசினால் 11. 60 முதல் 160 ஆம்பியர் வரை ராடு வெல்டிங்குக்குக் குறைந்தபட்சம் 8, வசதிக்கு 10 என்பதுதான் அமெரிக்க அட்டவணையிலும் இருக்கிறது. மிக் மெஷின் (கம்பி தானாக ஓடி வருவது) என்றால் 11, டிக் (வாயு மறைப்பில் செய்யும் நுணுக்க வேலை) என்றால் அதற்குத் தகுந்தபடி.

கறுப்பு கூடினால் நல்லது என்பது தப்புக் கணக்கு. 13-இல் வைத்தால் உருகின இரும்புக் குட்டையும் தெரியாது, இரும்பு சேருகிற கோடும் தெரியாது, தலையைக் கிட்டே கொண்டு போவாய், புகை முழுக்க மூக்கில் போகும். குட்டையின் ஓரமும், அதன் பின்னால் சிலாக் என்கிற கசடு மிதப்பதும் தெரிய வேண்டும். அது தெரிகிற அளவில், கூசாமல் இருக்கிற நம்பர்தான் உன் நம்பர். பூச்சு எப்போதும் இருப்பதால் 10-க்கும் 12-க்கும் புறஊதாவில் உனக்கு நஷ்டம் இல்லை.

மற்ற இரண்டு திருகில், உணர்திறனை முதலில் உச்சத்தில் வைத்து, சும்மா இருக்கும்போதே கறுத்தால் கொஞ்சம் குறை. தாமதம் என்பது ராடை எடுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் வெளுக்க வேண்டும் என்பது. டேக்குக்குக் குறைவு, நீளமாக ஓட்டினால் நடுவாந்திரம். முடித்த பிறகும் குட்டை செக்கச்செவேல் என்று இருக்கும், உடனே வெளுத்தால் கண் உறுத்தும்.

ரிக்வண்டி

பெரியவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவர் பட்டறை நிழலில் வேலை செய்தவர். நான் வெயிலில். கேள்வி கேட்டவரும் காட்டில்தான் கேட் மாட்டப் போகிறார். அதனால் என்னை ஏமாற்றின இரண்டு கதையையும் சொல்கிறேன்.

முதலாவது நடுமத்தியான வெயில். ஹெல்மெட்டை இறக்கினேன், ராடு தொடாமலே கறுத்துவிட்டது. வெயிலையே வெல்டிங் என்று நினைத்துக்கொண்டது. உணர்திறனைக் குறைத்தேன். அப்புறம் நிஜமாகவே பற்றவைத்தபோது சில நேரம் கறுக்கவில்லை. இரண்டாவது, சேஸிஸின் அடியில் படுத்துக்கொண்டு வேலை. அந்த ஹெல்மெட்டில் பொறியைப் பார்த்துக் கறுக்க வைக்கும் சென்சார் இரண்டே இரண்டு. ஒன்றைக் குழாய் மறைத்தது, இன்னொன்றை என் கையே மறைத்தது. கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு என்று கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி அடித்தது. அன்றைக்கே தூக்கி வீசினேன்.

பழைய பட்டறை

இது சரியான பேச்சு. நான் எழுத மறந்தது சென்சார். ரிக் தம்பியின் வேலைக்கு நாலு சென்சார் இல்லாமல் பிரயோஜனம் இல்லை. மேசைமேல் வைத்து ஸ்டாண்டு செய்கிறவருக்கு இரண்டு போதும். கேட் என்றால் மூலை, சந்து, கீல் என்று கையை உள்ளே விட வேண்டியிருக்கும், நாலு இருப்பது நல்லது.

வெயிலுக்குத் திருகை முறுக்கிக்கொண்டிருப்பதை விடத் தென்னங்கீற்றில் ஒரு தட்டி கட்டிக்கொள்வது மேல். வெயிலுக்கு முதுகைக் காட்டி நில், நெற்றி சென்சாரில் நேர் வெயில் படக் கூடாது. தட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளின் கண்ணுக்கும் அதுதான் மறைப்பு.

வேலை முடிந்ததும் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போய்விடாதே. திரவப் படிகத்துக்குச் சித்திரை வெயில் ஆகாது. பெரும்பாலானவற்றுக்கு 55 டிகிரிதான் எல்லை. நிறுத்தின காருக்குள் அதைத் தாண்டிவிடும்.

நொய்யல்கரை

ஒரு சின்ன உபகதை. இந்தச் சில்லை முதலில் கடைக்குக் கொண்டு வந்தது ஸ்வீடனில் ஹோர்னெல் என்ற கம்பெனி, 1981-இல், ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில். 2004-இல் அதை 3எம் வாங்கிக்கொண்டது. 25,000 ரூபாய் கேட்கிறவர்களின் வரிசையில் முன்னால் நிற்பது அந்தப் பெயர்தான். எங்கள் பெருந்துறை சிப்காட் கம்பெனியில் எட்டு மணி நேரம் டிக் வைக்கிறவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். 5 ஆம்பியர் சின்னப் பொறியையும் பிடித்துக்கொள்கிறது. மலிவு ஹெல்மெட்டுகள் அங்கேதான் முழிக்கும். கேட் செய்கிறவருக்கு அந்தக் காசை இரும்பில் போடுவது உத்தமம்.

கொரங்காட்டான், கேட்டுக்கு வாங்கின குழாய் ஜிஐயா (துத்தநாகம் பூசினது), கறுப்புக் குழாயா?

கொரங்காட்டான்

ஜிஐ சதுரக் குழாய்ங்க. துரு ஏறாது என்று.

நொய்யல்கரை

அப்படியென்றால் பற்றவைக்கிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். காற்று போகிற பக்கம் பார்த்து உட்காருங்கள். அந்த வெள்ளைப் புகையைப் பிடித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும், ஓரிரு நாளில் போகும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்? ஹெல்மெட் முகத்தை மூடியிருப்பதால் புகை வராது என்று நினைத்துவிட வேண்டாம், கீழே இருந்து நேராக உள்ளே ஏறும்.

கண்ணாடிக்கடை

ஈரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. வெல்டிங் தெரியாது, வெல்டிங் செய்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த எரிச்சல் கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. வெயிலில் முதுகுத் தோல் உரிவது போலத்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதனால்தான் நடுராத்திரி. பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். குளிர்ந்த துணி, இருட்டு அறை, கசக்காமல் இருப்பது. தாய்ப்பால், உருளைக்கிழங்கு, எலுமிச்சை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வெந்த தோலில் சுத்தமில்லாததை விட்டால் சீழ் பிடிக்கும். அதைவிட மோசம், மரத்துப் போகிற சொட்டு மருந்தை யாரிடமாவது வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி விடுவது. வலி தெரியாது, புண்ணும் ஆறாது, கருவிழியே கெட்டுப்போகும். இரண்டு நாளில் குறையவில்லை, பார்வை மங்குகிறது, ஒரே கண்ணில் மட்டும் உறுத்துகிறது என்றால் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண்ணில் மட்டும் என்றால் பெரும்பாலும் கிரைண்டரில் பறந்த இரும்புத் துகள்.

ஹெல்மெட்டில் கிரைண்டிங் நிலை என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் வைத்தால் கறுக்காது. அடியிலிருந்து துகள் ஏறும் என்பதால் உள்ளே தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பொத்தானைத் திருப்பி வைக்க மறந்து ராடைத் தொட்டுவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஹெல்மெட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் தொட்டுப் பார்க்கலாம், உள்ளே இருந்தால் மறந்துதான் போகும்.

கொரங்காட்டான்

பதினைந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கணும். ஆட்டுக்குத் தடுப்பூசி, மோட்டார் காயில் என்று வேலை.

கோயமுத்தூர் நஞ்சப்பா ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் சில்லைக் காட்டுங்கள், எண்ணைப் பார்க்க வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இரண்டாவது கடையில் பெட்டியில் இருந்த எண் சில்லில் இல்லை. மூன்றாவதில் கிடைத்தது. 4/9-13, கடைசியில் 1/1/1/2, நாலு சென்சார், சிஆர் 2450 வில்லை, கிரைண்டிங் பொத்தான் வெளிப்பக்கம். பார்க்கிற இடம் 100-க்கு 60 மில்லிமீட்டர். மலிவானதில் இருந்த 92-க்கு 42-ஐ ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு இதைப் போட்டால் ஜன்னலைத் திறந்தது போல இருக்கிறது. 4,300 ரூபாய், இரண்டு உபரித் தகடு சேர்த்து. வெளுத்த நிலை 3 உள்ளது 7,000 சொன்னான், விட்டுவிட்டேன்.

டேக் விஷயத்தில் கோயில் கட்டிக் கும்பிடலாம். ராடு நுனி எங்கே என்று பார்த்துக்கொண்டே தொடுகிறேன். மூன்றாவது கையும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு குறை. ஓட்டும்போது கோடு தெரியவில்லை. இரண்டு குழாயும் சேருகிற கோட்டை விட்டு வெல்டிங் தானாக ஒரு குழாய்ப் பக்கம் ஏறிவிடுகிறது. 11, 10, 9 என்று இறக்கிப் பார்த்தேன். 9-இல் கூசுகிறது, கோடு அப்போதும் மங்கல்தான். சில்லில் கோளாறா? திருப்பிக் கொடுக்க ஏழு நாள்தான் தவணை.

மாடித்தோட்டம்

சிரிக்காதீங்க, முன் தகட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா? உள்பக்கத் தகட்டிலும் ஒன்று இருக்கும். நான் இரண்டு வாரம் உரிக்காமல் வேலை செய்தேன்.

கொரங்காட்டான்

வெளியே உரித்தேன். உள்ளே... இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அக்கா. இருந்தது. நீலக் கலரில். உரித்தாயிற்று. கொஞ்சம் தெளிவு. ஆனால் கோடு இன்னும் பிடிபடவில்லை.

பழைய பட்டறை

எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாய்? உனக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கொரங்காட்டான்

சாளை வாசல்தானுங்க. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர்.

பழைய பட்டறை

பொறி வெளிச்சம் அந்த வெள்ளைச் சுவரில் பட்டு, உன் முதுகுப் பக்கமாக ஹெல்மெட்டுக்குள் நுழைகிறது. உள் தகட்டில் உன் மூக்கும் மீசையும் தெரியுமே, பார்த்தாயா? அதுதான் மங்கல். கூடவே புறஊதாவும் சுற்றிக்கொண்டு வரும். அதற்கு உன் சில்லு காவல் இல்லை. ஹெல்மெட்டின் பின்விளிம்பிலிருந்து பிடரி வரை கனமான கறுப்புப் பருத்தித் துணியைத் தொங்கவிடு. திருப்பூர் வேஸ்ட் துணி கிடைக்கும், பாலியஸ்டர் கலக்காததாகப் பார்த்து எடு, பொறி பட்டால் உருகி ஒட்டும். இல்லாவிட்டால் திரும்பி உட்கார், சுவர் உன் முன்னால் இருக்கட்டும்.

கண்ணாடிக்கடை

இத்தனை நாள் கேட்காமல் விட்டது என் தப்பு. 46 வயது என்றீர்களே, பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுகிறீர்களா?

கொரங்காட்டான்

இல்லைங்க. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் நன்றாகவே தெரிகிறது.

கண்ணாடிக்கடை

கொஞ்சம் தள்ளி என்றால் கை நீளத்துக்கா?

கொரங்காட்டான்

...ஆமாங்க.

கண்ணாடிக்கடை

சில்லைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கைக்கண்ணாடி வைத்திருந்தபோது அமாவாசையாக இருந்ததில் பாதி இதுதான். வெளிச்சம் குறையக் குறையக் கிட்டத்துப் பார்வைக் குறை அதிகமாகத் தெரியும். ஊசியில் நூல் கோக்க வாசலுக்குப் போகிறோமே, அதே கதை.

இரண்டு வழி. ஹெல்மெட்டின் உள்பக்கம் சில்லுக்குப் பின்னால் ஒரு தவாளிப்பு இருக்கிறதா பாருங்கள். அதில் செருகுவதற்கு இரண்டுக்கு நாலேகால் அங்குலத்தில் பெருக்கு லென்ஸ் வெல்டிங் சாமான் கடையிலேயே விற்கிறார்கள், 1.0 பவரிலிருந்து 2.5 வரை. குத்துமதிப்பாக வாங்காமல் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். புத்தகம் படிப்பதை விட வெல்டிங் தூரம் கொஞ்சம் அதிகம் என்பதால் படிக்கக் கொடுக்கும் பவரை விட ஒரு படி குறைவாகவே தேவைப்படும். பரிசோதிப்பவரிடம் கையை நீட்டி, இந்தத் தூரம் என்று காட்டிவிடுங்கள். அல்லது முழு லென்ஸும் அந்தத் தூரத்துக்கே போட்ட மூக்குக்கண்ணாடியை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோடு போட்ட கண்ணாடி மட்டும் ஆகாது. கண் மட்டத்தில் வெல்டிங் வைக்கும்போது மேல்பாதி வழியாகப் பார்ப்பீர்கள், கோடு மறுபடியும் காணாமல் போகும்.

ரிக்வண்டி

எனக்கு 48. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொரங்காட்டான்

போய்ச் சோதித்தேன். படிக்க 1.5, வெல்டிங் தூரத்துக்கு 1.25 போதும் என்றார்கள். கடையில் 1.25 செருகு லென்ஸ் 150 ரூபாய். 4,300 ரூபாய் ஹெல்மெட் செய்யாததை அது செய்துவிட்டது. கோடு தெரிகிறது, குட்டையின் ஓரம் தெரிகிறது, சிலாக் பின்னால் வழிவது தெரிகிறது. நம்பர் 10-லேயே நிற்கிறேன். பிடரியில் கறுப்புத் துணி தொங்குகிறது. வீட்டில் பார்த்துவிட்டு பூச்சாண்டி என்கிறார்கள்.

முதல் கடவுக்குக் கேட் மாட்டியாயிற்று. கீழ்ப்பக்க வெல்டிங் பார்க்கச் சகிக்காது, அதை மண் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டு கிடாயும் வந்து மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டன. அடுத்த இரண்டு கடவுக்கும் குழாய் வெட்டி வைத்திருக்கிறேன். பழைய கைக்கண்ணாடி இனிச் சும்மாதான் கிடக்கும், ரிக் அண்ணாவுக்கு வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன்.

ரிக்வண்டி

எனக்கு எதற்கு, என்னிடம் மூன்று இருக்கிறது. நீங்களும் வீசிவிடாதீர்கள் தம்பி. கேட்டைத் தூக்கி நிறுத்தி நீங்கள் டேக் வைக்கும்போது எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்பாரே, அவர் கையில் அதைக் கொடுங்கள். அப்புறம் அந்த 1.25 லென்ஸ், திருச்செங்கோட்டில் கிடைக்குமா, கோயமுத்தூர்தான் வர வேண்டுமா?